கரடி பார்க்கும் பக்கம்

கல்யாண ஆல்பம் வாங்க வருகிறவர்கள் முதலில் தங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்புறம்தான். தங்கள் முகம் நன்றாக விழுந்திருந்தால் ஆல்பம் அருமை. கண் மூடியிருந்தால் போட்டோகிராபர் சரியில்லை. கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்ததில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தது. அதனால், சார், மேசையில் நீங்கள் வைத்திருக்கும் இரண்டு படங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், படத்தை வெட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

வெட்டுவது என்றதும் பொய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் படத்தில் எதையும் சேர்ப்பவன் இல்லை. வேண்டாததை எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான். களமருதூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் பெரியப்பா தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு முன்னால் வந்து நின்று, நிலத் தகராறை இழுத்து, செருப்பைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டார். ஆல்பத்தில் அவர் இல்லை. அவருடைய தோள் தொடங்கும் இடத்துக்கு முன்னால் படத்தை நிறுத்திவிட்டேன். பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "எங்க வூட்டுக் கல்யாணம் இவ்ளோ அமைதியாவா நடந்துது?" என்று கண் கலங்கினார். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த நன்மை அது. இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

தீனதயாளனை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. என் ஸ்டுடியோவில் வீடியோ எடுத்தவன். இருபது வருடம் நாங்கள் சேர்ந்து கல்யாணம் எடுத்தோம். போட்டோகாரனுக்கும் வீடியோகாரனுக்கும் எந்த ஊரிலும் ஆகாது, ஏனென்றால் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே இடம். நான் கிளிக் செய்யும் நேரம் பார்த்து அவனுடைய முழங்கையோ, தூக்கிப் பிடித்த லைட்டோ என் படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். "தீனா, தள்ளு" என்பேன். உடனே தள்ளிவிடுவான். எதற்கு, ஏன் என்று கேட்க மாட்டான். மற்ற ஸ்டுடியோக்களில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்குள் ஒரு முகச்சுளிப்புகூட வந்ததில்லை. தங்கமான மனுஷன். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது வீடியோகாரன் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவன் கண் திரையில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் படி இருக்கலாம், பந்தக்கால் இருக்கலாம், ஒரு குழந்தை உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருக்கலாம். அதையெல்லாம் பார்த்துச் சொல்வது எங்கள் ஸ்டுடியோவில் என் வேலை. "வா, வா, படி, நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். தீனா திரும்பிப் பார்த்ததே கிடையாது. சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்ப்பான். அந்த இருபது வருடத்தில் அவன் ஒரு தடவைகூடத் தடுக்கி விழுந்ததில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

காட்டுப் படங்களின் பக்கம் என்னைக் கொண்டுவந்தவர் ஆதிமூலம் சார். பேங்கில் ஓய்வு பெற்றவர், கையளவு நீளமுள்ள லென்ஸில் தொடங்கி இப்போது கால் நீளத்துக்கு வந்திருக்கிறார். இயற்கை ஒளிப்பட நண்பர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோமுகி அணைப் பக்கம் போய் மீன்கொத்தியும் நீர்க்காகமும் எடுப்போம். யார் எதைப் போட்டாலும் மற்றவர்கள் "லைட் அற்புதம் சார்" என்று போட வேண்டும். போடாதவர் புலியையே எடுத்து வந்தாலும் குழுவில் ஒரு சத்தம் இருக்காது.

அவர்தான் விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். விலங்கை நடுவில் வைக்கக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓரமாக வைக்க வேண்டும். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டும். மனிதன் சம்பந்தப்பட்ட எதுவும் படத்தில் தெரியக் கூடாது. வேலி, ஒயர், டயர் தடம், பிஸ்கட் கவர், எதுவும். கல்வராயன் மலையில் திரும்பின பக்கமெல்லாம் சாமைக் கொல்லை, மரவள்ளிக் கொல்லை, ஆடு, அலைபேசிக் கோபுரம். அதற்குள் மனிதன் இல்லாத ஒரு சதுரத்தைக் கண்டுபிடிப்பது மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குப் பெரியப்பாவை வெட்டி எடுத்த அனுபவம் இருந்தது.

என்னுடைய முதல் பரிசு ஒரு கொண்டைக்குருவிக் கூட்டுக்கு. வெள்ளிமலைக்குப் போகிற வழியில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. கூட்டை மறைத்துக்கொண்டு நாலைந்து கிளைகள். அவற்றை ஒடித்துப் போட்டேன். வெளிச்சம் நேராக விழுந்தது, தாய் வந்து ஊட்டியது, எடுத்தேன். 'தாய்மை' என்று பெயர் வைத்தேன். குழுவில் அந்த மாதத்தின் சிறந்த படம். மறைப்பு போனதால் வெயிலும் காக்கையும் கூட்டுக்கு வழி கண்டுபிடித்திருக்கும்போல, மறுவாரம் போனபோது கூடு காலி. தீனா மட்டும், "பாவம்ணா, கெளைய ஒடிச்சிருக்க வேணாம்" என்றான். படத்தில் அந்தக் குஞ்சுகள் இன்றைக்கும் வாயைத் திறந்துகொண்டு உயிரோடுதான் இருக்கின்றன என்று அவனிடம் சொன்னேன்.

அப்புறம் கரடி. கல்வராயனில் கரடியைப் பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. எடுப்பதுதான் கஷ்டம். எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு எதையாவது தோண்டிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை எடுத்தாலும் தார்ப்பாயில் சுற்றின மூட்டை மாதிரிதான் விழும். ஆனால் அதன் நெஞ்சில் மாலை போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. எழுந்து நின்றால்தான் அது தெரியும். திடுக்கிட்டால்தான் எழுந்து நிற்கும். அந்த மாலை தெரிய, காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழ, ஒரு கரடி. அது கிடைத்தால் போதும் என்று இருந்தேன். ஆதிமூலம் சார் வாழ்நாளில் ஒன்றுகூட எடுத்ததில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பலாப்பழக் காலத்தில் குட்டிகளோடு ஒரு கரடி வெள்ளிமலைக்கு மேலே ஒரு சாமைக் கொல்லை ஓரம் வருவதாகக் கேள்விப்பட்டேன். நன்றாகப் பழுத்த ஒரு பலாவைப் பிளந்து, நான் நினைத்த இடத்தில், ஒரு உண்ணிப் புதருக்குப் பின்னால் வைத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் வைத்தேன். கொல்லைக்காரி சாமியம்மாள் பார்த்துவிட்டார். "குட்டி போட்டுக்கினு சுத்துது அது. மனுசங்க நடக்கற தடத்துல பழத்தப் போட்டுப் பழக்காதீங்க சார்" என்றார். சரி என்றேன். அன்றைக்குப் பழத்தைக் கொஞ்சம் புதருக்குள் தள்ளி வைத்தேன். தடத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

தீனாவுக்குக் காடு பிடிக்காது. "எனக்கு இன்னாத்துக்குண்ணா கரடி? பந்தியில மொத எலைக்கு அடிச்சுக்கறவங்களப் பாக்கறது பத்தாதா?" என்பான். நான் கூப்பிட்டதற்காக வந்தான். கிளம்பும்போது அவன் மனைவி விஜயலட்சுமி ஒரு சரம் வெடியும் தீப்பெட்டியும் கொடுத்து அனுப்பியிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. கையில் வீடியோ கேமரா இருந்ததால் அதை என் பையில் போட்டு வைத்தான். இதையும் குறித்துக்கொள்ளலாம். நான் எதையும் மறைக்கவில்லை.

நாங்கள் போனபோது குட்டிகள் இரண்டும் வலது பக்கம் ஒரு கறையான் புற்றின் மேல் ஏறி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. தாய் இடது பக்கம், உண்ணிப் புதருக்குப் பின்னால், பலாவில் தலையை விட்டுக்கொண்டிருந்தது. நான் இருந்த பாறையிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். தீனா நின்ற இடத்திலிருந்து குட்டிகள் மட்டும்தான் தெரியும்.

"தாய் எங்கண்ணா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் பாத்துக்கறேன். நீ குட்டிய எடு" என்றேன்.

எடுத்தான். குட்டிகளும் புற்றும் முழுதாக வேண்டும், கொஞ்சம் பின்னால் வா என்று கை காட்டினேன். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் நடப்பது போலவே பின்பக்கமாக நடந்தான். வா, வா என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். தாய் தலையைத் தூக்கவில்லை. பலா நல்ல பலா. இன்னும் வா என்றேன். நில்லு என்று சொல்ல வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அந்த ஒன்றைத்தான் நான் சொல்லவில்லை. சொல்லாததற்குச் சட்டத்தில் தண்டனை உண்டா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அவன் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. தாய் எழுந்து நின்றது. மாலை முழுதாகத் தெரிந்தது, சார். ரோமத்தின் நுனியெல்லாம் வெளிச்சம். தீனாவுக்கு மூச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அப்போதும் அவன் பின்னால் திரும்பவில்லை. என்னைப் பார்த்தான். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று நான் சொல்லுவேன் என்று பார்த்தான். நான் ஃபோகஸில் இருந்தேன்.

ஒரு விஷயத்தில் தவறு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். கரடி பார்க்கும் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அவனை இன்னும் நாலடி முன்னாலேயே நிறுத்தியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். அவசரப்பட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எடுத்தேன். விரலின் பழக்கம் அது. அவற்றில் அசைவு அதிகம், ஒன்றும் தேறவில்லை, அழித்துவிட்டேன். சத்தம் கேட்டுச் சாமியம்மாள் கொல்லையிலிருந்து ஒரு எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். டின் சத்தம் கிட்டே வந்ததும் கரடி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெடிச்சரத்தை எடுக்க வேண்டுமானால் கேமராவைக் கீழே வைக்க வேண்டும். பாறை ஈரமாக இருந்தது. தீனாவை வண்டியில் கச்சிராயபாளையம் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த எஸ்.ஐ.யிடம், அவன் என் பேச்சைக் கேட்காமல் தனியாக முன்னால் போனான், நான் வெகுதூரத்தில் இருந்தேன் என்று சொன்னேன். அதுவும் ஒருவகையில் வெட்டுவதுதான். கேட்ட எல்லோருக்கும் அது மனநிம்மதியாக இருந்தது. அவன் வீட்டுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் நானே முன்னால் நின்று செய்தேன். சாவு எடுத்த அன்று விஜயலட்சுமி அழுதுகொண்டே, "பேனருக்கு அவரு போட்டோ ஒண்ணு வேணும்ணா" என்றார்.

அப்போதுதான் சங்கடம் வந்தது. தீனாவுக்குப் படம் இல்லை. வருடம் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவனை யார் எடுப்பார்கள்? பழைய கல்யாணங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். சின்னசேலம் வரவேற்பில் அவன் முழங்கை இருந்தது. திருக்கோவிலூர் வளைகாப்பில் அரைக் காது. முகம் எதிலும் இல்லை, நான் சுத்தமாக வேலை செய்கிறவன். அவன் முகம் முழுதாக, நல்ல வெளிச்சத்தில், கண் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். அதன் வலது பாதியை வெட்டி எடுத்தேன். செடியெல்லாம் போய் ஆகாயம் வந்தது. வழக்கம்போல ஒரு கோட்டும் டையும் போட்டுவிட்டேன். எதையும் சேர்ப்பதில்லை என்ற என் கொள்கையை அந்த ஆகாயத்துக்கும் கோட்டுக்கும் மட்டும் மீறினேன், கண்ணீர் அஞ்சலி என்பதால். பார்த்தவர்கள் எல்லோரும், முகத்தில் பயமே இல்லை, யாரோ நம்பிக்கையானவர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள்.

இடது பாதி என்னிடம் இருந்தது. எத்தனையோ நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். எனக்கும் மனது இருக்கிறது. ஆனால் தீனா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று தோன்றியது, அனுப்புண்ணா என்று. பெரிய போட்டிகளில் கேமராவிலிருந்து வந்த முழுப் படத்தையும் கேட்பார்கள். கேட்காத ஒரு போட்டியாகப் பார்த்து அனுப்பினேன். முதல் பரிசு வந்தது. மனிதன் காலடி படாத காட்டின் ஏகாந்தம் இந்தக் கரடியின் கண்ணில் தெரிகிறது என்று நடுவர் எழுதியிருந்தார். வலது பக்கம் இன்னும் சற்று இடம் விட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். அந்த வரி பல நாள் என் சாப்பாட்டில் மண்ணைப் போட்டது. விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆதிமூலம் சார் குழுவில் "லைட் அற்புதம்" என்று மட்டும் போட்டார். ஆனால் பாராட்டு விழா எடுத்தே ஆக வேண்டும் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே வாரத்தில் தீனாவின் முதலாமாண்டு நினைவு நாளும் வந்தது. விஜயலட்சுமி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"இந்த தபா கோட்டு வேணாம்ணா. உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் கோட்டு போட்டதில்ல அவரு. போட்டோல எப்டி இருந்தாரோ அப்டியே போட்டுக் குடுங்க" என்றார்.

இங்கேதான், சார், நான் கலைஞனாகிவிட்டேன். அந்தக் கோட்டு எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. அசல் படத்தில் அவன் தோளுக்குப் பின்னால் செடிகள் மங்கிப்போய் அவ்வளவு அழகாக இருக்கும். ஆகாயத்தை ஒட்டவைத்து நானே கெடுத்து வைத்திருந்தேன். போட்டிருந்தது எங்கள் ஸ்டுடியோ பனியன், எல்லா வேலைக்கும் போடுவதுதான், அதனால் ஆபத்தும் இல்லை. வெட்டினது வெட்டினபடியே கொடுத்துவிட்டேன். எங்கே எடுத்தது என்று கேட்டார். சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்தில், மண்டபத்துத் தோட்டத்தில் என்றேன்.

விழாவுக்கு ஒன்று, நினைவு நாளுக்கு ஒன்று, இரண்டு ஃப்ளெக்ஸையும் அடித்தது ஃப்ளெக்ஸ் கடை வீரமணி. சிக்கனக்காரர். கச்சிராயபாளையம் சாலை முக்கில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சவுக்குக் கம்பு நடுவானேன் என்று ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிட்டார். இடது பக்கம் 'சாதனையாளர் அறிவுச்செல்வன்' என்று என் பெயர், அதற்குக் கீழே கரடி. வலது பக்கம் 'முதலாமாண்டு நினைவஞ்சலி', தீனதயாளன். எழுத்தெல்லாம் மேலேயும் கீழேயும் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கரடி எழுந்து நின்று வலது பக்கம் பார்த்தது. அது பார்த்த இடத்தில் தீனா இருந்தான். கரடிப் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட உண்ணிக் கிளை, பக்கத்து ஃப்ளெக்ஸில் கொஞ்சம் மேலே ஏறி, அதே ஆரஞ்சுப் பூவோடு அவன் தோளுக்குப் பின்னால் போய் முடிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்திலிருந்து வெயில். இடமும் இப்போது சரியாக இருந்தது. நடுவர் பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாகச் சாலைக்கு இறங்கி வந்து பார்த்தார்கள்.

விஜயலட்சுமி மாலையோடு வந்தார். மாலையைப் போடவில்லை. வெகுநேரம் அந்தக் கிளையையே பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"இது ஒரே செடிதானண்ணா?"

"உண்ணிச்செடி எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன்.

"இந்தப் போட்டோல அவரு யாரப் பாக்கறாரு?"

"கேமராவ."

"கேமராவுக்குப் பின்னாடி யாரு இருந்தது?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், கல்யாண வீடுகளில் பார்க்காத சத்தமா. அந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே உங்களிடம் வந்துவிட்டார். சாமியம்மாளையும் நீங்கள் விசாரித்துவிட்டீர்கள், விஷயம் பலாப்பழம் வரை வந்துவிட்டது என்று சொன்னார்கள். அதனால் நானே சொல்லிவிடுவது மரியாதை. மேசையில் இருப்பது இரண்டு படம் இல்லை, சார். ஒரே படம். நான் எடுத்தது, நான் வெட்டியது. அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான்.

எனக்கு வருத்தம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவனைப் போல வீடியோகாரன் கிடைப்பது கஷ்டம். இப்போது வைத்திருக்கும் ஆள் ஒவ்வொரு அடிக்கும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், ஊர்வலம் முழுக்க ஆட்டமாக விழுகிறது. ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. இருபது வருடமாக எத்தனையோ ஆயிரம் படத்திலிருந்து தீனாவை வெட்டி எறிந்திருக்கிறேன், ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. அவனை நல்ல வெளிச்சத்தில், முகம் முழுதாக, ஒரே ஒரு படத்தில் விட்டுவைத்தேன். அதற்குப் போய் என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள்.